முதன்முறை பல் மருத்துவரிடம் செல்லும் அம்மாவுக்காக ஒரு கேள்வி

அனைவருக்கும் வணக்கம். ராமேஸ்வரம் தீவில் உள்ள தங்கச்சிமடத்தில் வசிக்கும் என் தாயாருக்கு வயது 67. இதுவரை பல் மருத்துவரிடம் சென்றதே இல்லை. ஆடி மாதத்தில் நண்டு ஓட்டைக் கடித்தபோது வலது கீழ்க் கடைவாய்ப்பல் ஒன்று பாதி உடைந்துவிட்டது. இப்போது சூடான காபி பட்டாலே வலி காதுவரை இழுக்கிறது, ஈறு வீங்கியிருக்கிறது. காய்ச்சல் இல்லை, வாயைத் திறக்கவும் சிரமமில்லை.

உப்புநீர்க் கொப்பளிப்பு, கிராம்புத் தைலம், பாராசிட்டமால் எல்லாம் பார்த்தாயிற்று. வலி அடங்கி, மீண்டும் வருகிறது. மருந்துக்கடையில் கேட்டு வாங்கிய ஆன்டிபயாடிக்கிலும் வீக்கம் முழுமையாக வடியவில்லை.

2022-இல் இதய இரத்தக்குழாயில் ஸ்டென்ட் (அடைப்பைத் திறந்து வைக்கும் சிறு வலைக்குழாய்) வைத்ததிலிருந்து, இரத்தம் உறைவதைத் தடுக்கும் ஆஸ்பிரின், குளோபிடோக்ரல் இரண்டும், சர்க்கரைக்கு மெட்ஃபார்மினும் எடுத்துக்கொள்கிறார். பல் பிடுங்குவதற்கு முன் இதய மாத்திரையை நிறுத்த வேண்டும் என்று அக்கம்பக்கத்தில் சொல்கிறார்கள். ஆனால், ஸ்டென்டில் இரத்தம் உறையும் ஆபத்து இருப்பதால் தம்மைக் கேட்காமல் நிறுத்தவே கூடாது என்று இதய மருத்துவர் முன்பே எச்சரித்திருப்பதால் நாங்கள் நிறுத்தவில்லை. ராமநாதபுரத்தில் ஒரு பல் மருத்துவமனைக்குத் தொலைபேசியில் கேட்டதற்கு, 'நேரில் வாருங்கள்' என்பதற்கு மேல் பதில் கிடைக்கவில்லை. பாம்பன் பாலம் தாண்டி அம்மாவை அழைத்துச் செல்வது எளிதல்ல என்பதால் கேட்கிறேன்.

இதய மாத்திரை எடுத்துக்கொள்பவர்களுக்கு முதல் நாளிலேயே பல்லைப் பிடுங்குவார்களா, அல்லது இரத்த அழுத்தம், சர்க்கரை, எக்ஸ்ரே பார்த்து, இதய மருத்துவரின் கடிதம் கேட்டு இன்னொரு நாள் வரச் சொல்வார்களா?