ஸ்மித்தைத் தேடினால் அம்பேத்கர் வருகிறார்

மாட்டுங்காவிலிருந்து:
கிழக்கிந்தியக் கம்பெனியை ஆடம் ஸ்மித் எப்படிப் பார்த்தார் என்று எம்.ஏ. ஆய்வேடு எழுதுகிறேன். அவருடைய ‘நாடுகளின் செல்வம்’ இணையத்தில் எங்கும் இலவசம்தான், எந்தப் பதிப்பு என்பதில்தான் தலைவலி. புத்தகம் வந்தது 1776. கிழக்கிந்தியக் கம்பெனி மாதிரி பலர் பங்கு போட்டு நடத்தும் கூட்டுப்பங்கு கம்பெனிகளைப் பற்றிய நீண்ட பகுதியோ 1784-இல், மூன்றாம் பதிப்பில்தான் சேர்ந்தது. எந்தப் பதிப்பு என்றே சொல்லாத பிரதியிலிருந்து மேற்கோள் எடுத்தால் வைவாவில் (வாய்மொழித் தேர்வில்) மாட்டிக்கொள்வோம். ஈகான்லிப் (Econlib) என்ற பொருளாதார நூல் தளத்தில் இருப்பது பொருளாதார அறிஞர் எட்வின் கேனன் 1904-இல் பதிப்பித்தது. எந்த வரி எந்தப் பதிப்பில் நுழைந்தது என்பதை அடிக்குறிப்பிலேயே பார்த்துவிடலாம். அனுபவப்பட்டவர்கள் வேறு ஏதாவது இருந்தால் சொல்லுங்கள்.

முலுண்டிலிருந்து:
மூலப் பதிப்பே வேண்டுமென்றால் பழைய புத்தகங்களை ஸ்கேன் பண்ணி வைத்திருக்கும் இன்டர்நெட் ஆர்கைவ் தளம்தான். ஆனால் அதன் தேடுபெட்டியை நம்பாதீங்க. அந்தக் காலத்து அச்சில் சொல்லின் நடுவில் வரும் ‘எஸ்’ பார்ப்பதற்கு ‘எஃப்’ மாதிரியே இருக்கும். கணினியும் அப்படியே படித்து வைத்திருக்கும். ‘ஒன்றும் கிடைக்கவில்லை’ என்று வந்தால் எஸ்ஸுக்கு எஃப் போட்டுத் தேடிப் பாருங்க, கொட்டும். நம்மூர் நூலகங்களில் ஸ்கேன் பண்ணி ஏற்றிய புத்தகங்கள் இன்னொரு ரகம்: தலைப்பில் எழுத்துப்பிழை, நடுவில் பக்கம் காணாது. இந்தியாவின் வறுமை பற்றி தாதாபாய் நௌரோஜி எழுதிய 1901 புத்தகம் தேடுறவங்க ஆசிரியர் பெயரை ரெண்டு மூணு விதமா எழுதிப் பாருங்க.

செம்பூரிலிருந்து:
தம்பி, கேனன் என்றீர்களே, அதே மனிதர்தான் அம்பேத்கரின் ‘ரூபாயின் பிரச்சினை’ (லண்டன், 1923) நூலுக்கு முன்னுரை எழுதியவர். அம்பேத்கரின் வாதங்களில் பெரும்பாலானவற்றை ஏற்கவில்லை என்று முன்னுரையிலேயே போட்டுவிட்டார்! இப்படி முன்னுரை வாங்கவும் ஒரு தைரியம் வேண்டும். நம்ம மும்பை சிடன்ஹாம் கல்லூரியில் பொருளாதாரம் நடத்திவிட்டு லண்டன் போனவராயிற்றே. மகாராஷ்டிர அரசு வெளியிட்ட அவருடைய தொகுதிகள் வெளியுறவு அமைச்சகத்தின் தளத்தில் பிடிஎஃப்பாக இருக்கின்றன. ஆறாம் தொகுதியை எடுங்கள். கம்பெனியின் நிர்வாகமும் நிதியும் பற்றி 1915-இல் கொலம்பியாவில் எம்.ஏ.வுக்கு அவர் எழுதியது அதில்தான் இருக்கிறது. உங்கள் தலைப்புக்குப் பக்கத்து வீடு.

மாட்டுங்காவிலிருந்து:
ரொம்ப நன்றி சார், இறக்கிவிட்டேன். அவரும் எம்.ஏ., நானும் எம்.ஏ.! ஸ்மித்தோடு சேர்த்து இதையும் ஓர் அத்தியாயமாக வைக்க கைடு ஒத்துக்கொள்வாரா என்று திங்கட்கிழமை தெரியும். முலுண்ட் அண்ணா, எஃப் வைத்தியம் வேலை செய்கிறது.