மறு: டையிங் – ‘இணைப்பு விற்பனை’ போதுமா?

> ‘இணைப்பு விற்பனை’ என்றே வைத்துவிடலாம். எளிமையாக இருக்கிறது.

ஒன்று வேண்டுமென்றால் இன்னொன்றையும் ஏற்றே ஆக வேண்டும் என்று நிபந்தனை வைப்பதுதான் டையிங் (tying). அதற்குத்தான் தமிழ்ச் சொல் தேடுகிறோம். ‘இணைப்பு விற்பனை’ எளிமைதான் ஐயா. ஆனால் இணைப்பு என்றதும் தீபாவளி மலரோடு வருகிற இனாம் புத்தகம்தான் என் நினைவுக்கு வருகிறது. இது இனாம் அல்லவே.

பாம்பனில் படகுக்கு முன்பணம் வாங்கியவர், பிடித்த நண்டைப் பணம் கொடுத்த வியாபாரியின் தராசில்தான் போட வேண்டும். போன வாரம் பக்கத்துத் தராசில் கிலோவுக்கு முப்பது ரூபாய் கூடுதல். என் சித்தப்பா கூடையைச் சுமந்துகொண்டு அந்தத் தராசைத் தாண்டித்தான் போனார். அந்தப் பக்கம் திரும்பவே இல்லை. கடன் இழுக்கிறது, நண்டு இழுபடுகிறது. ‘இணைப்பு’ என்ற சொல்லோ இரண்டும் கைகோத்து நடப்பதுபோல் காட்டுகிறது.

அமெரிக்க அரசு 1998இல் மைக்ரோசாஃப்ட் மீது தொடுத்த வழக்கிலும் விண்டோஸ் இழுத்தது, எக்ஸ்ப்ளோரர் உலாவி இழுபட்டது. பிளே ஸ்டோர் வேண்டுமென்றால் தேடல் செயலி உட்பட மொத்தத் தொகுப்பையும் கைப்பேசியில் ஏற்றித்தான் விற்க வேண்டும் என்று தயாரிப்பாளர்களுக்கு நிபந்தனை வைத்த வழக்கில், இந்தியப் போட்டி ஆணையம் 2022 அக்டோபரில் கூகுளுக்கு 1,337.76 கோடி ரூபாய் அபராதம் விதித்தது.

என் முன்மொழிவு ‘தளை விற்பனை’. விண்டோஸ் தளைக்கும் பொருள். உலாவி தளைபட்ட பொருள். ‘கட்டு’ என்பதைப் பண்ட்லிங்குக்கு (பல பொருள்களை ஒரே தொகுப்பாக விற்பதற்கு) விட்டுவிடுவோம்.

*

> தளை என்றாலே விலங்கு. தீர்ப்பைச் சொல்லுக்குள்ளேயே எழுதிவிட்டீர்களே! மென்பொருள் தளங்களில் இதை எடுத்த எடுப்பிலேயே குற்றமென்று கொள்ளாமல் நன்மை தீமைகளை எடைபோட வேண்டும் என்றுதானே 2001இல் அந்த மைக்ரோசாஃப்ட் வழக்கில் மேல்முறையீட்டு நீதிமன்றம் சொன்னது?

சொன்னது. நிறுவனத்தை இரண்டாகப் பிரிக்கும் ஆணையையும் நீக்கியது. (ஏகபோகத்தைக் காக்க முறைகேடாக நடந்தது என்பதை மட்டும் விடவில்லை.)

ஆனால் சாயல்குடிப் பக்கம் வந்து ஒரு பனையேறியிடம் கேட்டுப் பாருங்கள். இரண்டு கால்களையும் சேர்த்து மாட்டுகிற தளைநார் இல்லாமல் அவர் மரத்தில் கால் வைக்க மாட்டார். காலைக் கட்டுவதும் அதுதான், உச்சிக்கு ஏற்றுவதும் அதுதான். விலங்கா, தளைநாரா என்பதை நீதிமன்றம் வழக்குக்கு வழக்கு பார்த்துக்கொள்ளட்டும். சொல் இரண்டுக்கும் இடம் கொடுக்கிறது.

வெண்டளை, கலித்தளை என்று யாப்பு படித்தவர்கள் சிரிப்பார்கள், சிரிக்கட்டும். எனக்கு உறுத்துவது வேறு: ‘தளைபட்ட’ என்பதா, ‘தளைப்பட்ட’ என்பதா? ஒற்று மிகுமா என்று தெரிந்தவர்கள் சொன்னால் இன்றிரவே விக்சனரியில் ஏற்றிவிடுகிறேன்.