வாவிக்கரையில் கண்டல் (உவர்நீர்க் கரையில் வளரும் மரம்) நட்டவர்கள் சொல்லுங்கள்: எது பிழைத்தது, எது செத்தது, ஏன்?

வலையிறவுப் பக்கமிருந்து:

மட்டக்களப்பு வாவியில் நட்ட கண்டல் சாவதற்கு முதற்காரணம் நடும் நிலத்தின் மட்டம் தவறுவது. நண்டு, மாடு, குப்பை எல்லாம் அதற்குப் பிறகுதான்.

எங்கள் கரையில் கடல் ஏற்றவற்றம் ஒரு மீற்றருக்கும் குறைவு. வாவியோ ஏறக்குறைய 56 கிலோமீற்றர் நீளம்; முகத்துவாரத்தை விட்டு உள்ளே போகப் போக அந்த ஏற்றவற்றமும் தெரியாது. இங்கே தண்ணியை ஏற்றி இறக்குவது மாரி மழையும் பாலமீன்மடு, கல்லாற்று வாய்களில் (வாவி கடலோடு சேரும் இடங்களில்) சேரும் மணலும்தான். கோடையில் வாய் அடைபடும். மாரியில் ஆற்று வெள்ளம் வந்து சேர்ந்து வயலும் வளவும் மூழ்கத் தொடங்கும். அடைத்த மணலை வெட்டி வாயைத் திறந்ததும் மட்டம் சடாரென்று இறங்கும். மற்ற நாட்டுக் கையேடுகளில் உள்ள ‘ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் நடுவே நடு’ என்ற கணக்கு இங்கே பலிக்காததற்கு இதுதான் காரணம்.

ஆடி மாதம் தண்ணி ஓரம் பார்த்து நட்டால் கார்த்திகையில் நுனி இலையும் மூழ்கி, வாரக்கணக்கில் கலங்கல் தண்ணிக்குள் கிடந்து அழுகும். மார்கழியில் நிறைந்த தண்ணியின் ஓரத்தில் நட்டால் வாய் வெட்டினபின் கரை பத்து இருபது அடி விலகிவிடும். சித்திரை வெயிலில் கன்று வெடித்த சேற்றில் காயும். 2004 சுனாமிக்குப் பிறகு நாடு முழுக்க நட்ட கண்டல்களை ஆராய்ந்து 2017இல் வெளியான ஆய்வில், பார்த்த 23 இடங்களில் 9இல் ஒரு கன்றுகூட மிஞ்சவில்லை. பாதிக்கு மேல் பிழைத்தவை மூன்றே இடங்கள், மூன்றும் மேற்குக் கரையில்.

செய்ய வேண்டியது இது. நட நினைக்கும் இடத்துக்குக் கிட்ட, தானாக விழுந்து முளைத்த இளங்கன்றுகள் எங்கே நிற்கின்றன என்று தேடுங்கள். முழங்கால் உயரத்துக்கு மேல் வளர்ந்து, இரண்டு மாரியாவது தாண்டினவை வேண்டும். காற்றில்லாத விடியற்காலையில் அந்தக் கன்றுகளின் அடியில் தண்ணி எத்தனை அங்குலம் என்று அளந்து, உடனேயே நடும் இடத்திலும் அளவெடுங்கள். தண்ணியின் முகம் ஒன்றுதானே, இரண்டு ஆழத்துக்கும் உள்ள வித்தியாசம்தான் நிலத்தின் உயர வித்தியாசம். கச்சான் காற்று வீசும் பகலில் இதைச் செய்யாதீர்கள், தண்ணி ஒரு பக்கம் ஒதுங்கி அளவு தவறும். கரை காய்ந்து கிடந்தால் மேசன்மார் மட்டம் பார்க்கும் தண்ணிக் குழாய் போதும். குழாய்க்குள் காற்றுக்குமிழ் நின்றால் அளவு பொய் சொல்லும், தட்டி வெளியேற்றுங்கள்.

பக்கத்தில் தானாக முளைத்தது ஒன்றுமே இல்லையென்றால் நடுவதை ஒரு வருடம் தள்ளிப்போடுங்கள். இரண்டு மீற்றர்க் கம்பு ஒன்றை இறுக்கி நட்டு, பத்து சென்ரிமீற்றருக்கு ஒரு கோடு போட்டு, வாரம் ஒருநாள் மட்டம் குறியுங்கள். வாய் வெட்டின நாளையும் எழுதுங்கள். அந்தக் கொப்பிதான் உங்கள் நிலத்தின் கையேடு. ஒரு கன்றும் முளைக்காத இடத்துக்கு ஏதோ ஒரு காரணம் இருக்கும். ரோட்டுக்குக் கிறவல் போட்டுத் தண்ணி வழி அடைபட்டதாகவும் இருக்கலாம். அப்படியானால் ஒரு போக்குக் குழாய் வைப்பது ஆயிரம் கன்று நடுவதை விடப் பயன்தரும்.

நட்ட கன்றின் தண்டைக் கையால் தடவிப் பாருங்கள். கல்லுப்போலக் கரகரவென்று சின்னச் சிப்பி ஒட்டியிருந்தால், அதுதான் கொட்டலசு, கன்று பள்ளத்தில் நிற்கிறது என்று அர்த்தம். சுரண்டினால் தோல் உரியும், சிப்பியும் திரும்ப ஒட்டும். அடுத்த தொகுதியை மேட்டுப் பக்கம் தள்ளி நடுவதே வழி.

பெரியகல்லாற்றிலிருந்து:

அண்ணன் சொன்ன மட்டம் நூற்றுக்கு நூறு சரி. காய் பற்றி நான் சேர்க்கிறேன்.

கண்டல் காயை மரத்திலிருந்து முறுக்கிப் பிடுங்கக்கூடாது. தொட்டவுடன் கழன்று வரவேண்டும். தொப்பிக்குக் கீழே ஒரு கழுத்து வளையம் தெரியும். நீளக்காய்க் கண்டலில் அது மஞ்சளாகவும் சின்னக்காய்க் கண்டலில் சிவப்பாகவும் மாறியிருந்தால் முற்றிவிட்டது. வளையமே தெரியாத பச்சைக் காயை நட்டால் நின்றபடியே கறுக்கும். துளை விழுந்த காயைத் தள்ளிவிடுங்கள், உள்ளே வண்டு இருக்கும்.

பறித்த காயை ஈரச்சாக்கு மூடி நிழலில் ஒரு வாரம் வையுங்கள். பச்சை வாசம் அடங்கின காயை நண்டு அவ்வளவாக வெட்டுவதில்லை. நடும்போது கூர் முனை கீழே. நீளத்தில் மூன்றில் ஒரு பங்குக்குக் கொஞ்சம் குறைவாகச் சேற்றில் இறங்கினால் போதும். ஆழமாகக் குத்தினால் அழுகும். மீற்றருக்கு ஒன்று என்றால் ஒரு பேர்ச்சுக்கு (ஏறக்குறைய 25 சதுர மீற்றர்) 25 காய்.

கண்ணா என்ற இன்னொரு கண்டல் வகை வேறு மாதிரி. அதன் விதை வைத்திருக்கத் தாங்காது. ஓர் இரவு தண்ணியில் ஊறவைத்தால் மேல்தோல் கழன்றுவிடும், அடுத்த ஓரிரு நாளில் பையில் போட்டுவிடவேண்டும். ஆறுக்கு ஒன்பது அங்குலப் பை, பாதி வாவிச் சேறு, பாதி மணல். விதையைப் புதைக்காமல் மேலாக அழுத்தினால் போதும். நாலு இலை வந்தபின் நிழலைக் கொஞ்சம் கொஞ்சமாக எடுத்து, கடைசி மாதத்தில் நடும் இடத்துத் தண்ணியையே ஊற்றுங்கள். நல்லதண்ணியில் வளர்ந்த கன்றை ஒரேயடியாக உப்பில் இறக்கினால் இலை கருகும். மாட்டுக்குக் கண்ணா என்றால் உயிர், வேலி இல்லாமல் நடவேண்டாம்.

கரையைத் துப்புரவு செய்யும்போது தில்லை மரத்தில் கத்தி வைக்காதீர்கள். பால் கண்ணில் பட்டால் பார்வை போகுமளவுக்கு எரிக்கும். உடனே நல்லதண்ணியால் நெடுநேரம் கழுவிவிட்டு வைத்தியரிடம் போகவேண்டும்.

காத்தான்குடியிலிருந்து:

ஸலாம். எங்கட பக்கம் கரை முழுக்கக் கல்லுக்கட்டு. கட்டுக்கு வெளியே மண் கொட்டி உயர்த்தி நடலாமா?

வலையிறவுப் பக்கமிருந்து:

வேண்டாம் நானா. கொட்டின மண்ணை முதல் மாரி அலையே கொண்டுபோகும், போன மண் மீன் ஏறும் இடத்தில் படியும். வாவி வாயிலிருந்து நேராக உள்நோக்கி 2 கிலோமீற்றர் வரை கரையோர வலயச் சட்டத்துக்குள் வருகிறது. எந்த இடமானாலும் மண் நிரப்ப அனுமதி வேண்டும். கட்டின் ஓரம் சேறு தானாகப் படியும் மூலை ஏதும் இருந்தால் அங்கே மட்டும் முயலுங்கள்.

நாவலடியிலிருந்து:

வாவிப் பக்கம் கண்டல் என்றால் கடல் பக்கம் அடம்பன் கொடியும் இராவணன்மீசைப் புல்லும். சுனாமிக்குப் பிறகு சவுக்கை மட்டும் வரிசையாக நட்ட இடங்களைப் பாருங்கள்: சருகு மூடி, கீழே ஒரு பூண்டு இல்லை, மணலைப் பிடிக்க வேரும் இல்லை. முன்வரிசை மரங்கள் அடி அரித்துச் சரிகின்றன.

ஐப்பசி மழை தொடங்கினதும் அடம்பன் கொடியை ஒரு முழத் துண்டுகளாக வெட்டி, இரண்டு கணு மண்ணுக்குள் போக, அரை மீற்றர் இடைவெளியில் படுக்கவையுங்கள். அதற்கு முன்னால் பனைமட்டையால் இடுப்பளவு வேலி ஒன்று. மட்டைக்கு மட்டை, மட்டையின் அகலத்துக்கு இடைவெளி விடுங்கள். கிடுகால் நெருக்கி மறைத்தால் காற்று முட்டிச் சுழன்று வேலியின் அடியையே தோண்டும்; இடைவெளி விட்டால் வேகம் குறைந்து மணல் அங்கேயே விழும். மணல் வேலியை மூடினால் அதன்மேல் இன்னொன்று.

கடலுக்குப் போகும் ஒழுங்கையை நேராக வெட்டாமல் சாய்வாக எடுங்கள். நேரான வெட்டு பெரிய அலை வரும்போது வாய்க்காலாகிவிடும்.

சாய்ந்தமருதிலிருந்து:

எங்கட தோணாவில் (கடலோடு சேரும் நீரோடை) ஆற்றுவாழை என்ற மிதக்கும் களையும் குப்பையும்தான் தலையிடி. மழைக்கு முன்னம், புரட்டாசியில், கையால் இழுத்து எடுத்தால் பாதி வேலை முடியும். இழுத்ததைக் கரையில் குவித்தால் அழுகின சாறு திரும்பத் தோணாவுக்குள்ளேயே வடியும், அடுத்த வருடம் இரட்டிப்பாக முளைக்கும். அன்றைக்கே ஏற்றிவிடவேண்டும்.

பெக்கோ இயந்திரம் பிடித்துச் சேறு அள்ளும்போது ஒன்று கவனியுங்கள். கண்ணா மரத்தைச் சுற்றி விரல் விரலாக மண்ணுக்கு மேலே நிற்பது மூச்சுவேர். அள்ளின சேற்றை அதற்கு மேல் கொட்டினால் மரம் மூச்சடைத்துச் சாகும். வெள்ளத்தால் செத்தது என்று ஆட்கள் நினைப்பார்கள். சாரதியிடம் வாயால் சொன்னால் போதாது. வேலை தொடங்க முதல், கடைசி மூச்சுவேருக்கு ஒரு மீற்றர் வெளியே சிவப்புத்துணி கட்டின கம்புகளை நட்டுவிட்டு, அள்ளி முடியும்வரை ஒருவர் கரையில் நிற்கவேண்டும்.