1000 ரூபா 37 இடத்துல குந்தியிருக்குது

கீரணத்தம்_ராத்திரி:
நாங்க பண்றது துணிக்கடை பில்லிங் சாப்ட்வேர். 2025 செப்டம்பர் 3 ராத்திரி ஜிஎஸ்டி கவுன்சில் சொல்லிருச்சு, 22லிருந்து புது வரி. ரெடிமேடுக்கு 1000 ரூபா வரைக்கும் 5 சதம், அதுக்கு மேல 12ன்னு இருந்தது. இனி 2500 வரைக்கும் 5, மேல 18. புரோகிராம் கோடுல தேடுனா அந்த 1000 மொத்தம் 37 இடத்துல குந்தியிருக்குது. வரியைத் தேதியோட தனி டேபிள்ல, ஒரே பட்டியலா வெச்சுக்கலாம்னு ரெண்டு வருசமா கேக்கறேன். மேனேஜர் "அடுத்த ரிலீஸ்ல பாத்துக்கலாம்"ங்கறாரு. இப்படித் தள்ளித் தள்ளிப் போடறது கோடுல ஏறற கடனுங்க.

நொய்யல்_கரை:
ஏனுங்க, நானும் சின்னக் கம்பெனி நடத்தறவன்தான். நீங்க டேபிள் கட்டீட்டு உக்காந்திருந்தா சம்பளம் எங்கிருந்து வரும்? கடைக்காரரு கேக்கறது வாட்ஸப்புல பில்லு போகோணும், அவ்வளவுதான். கடனில்லாம திருப்பூர்ல எந்த யூனிட்டுங்க ஓடுது? நூலே கடனுக்குத்தான் வருது.

கீரணத்தம்_ராத்திரி:
கடனைக் குத்தம் சொல்லலீங்க. 1992ல வார்டு கன்னிங்காம்ங்கற புரோகிராமர் கோடைக் கடனோட ஒப்பிட்டப்பவே, சீக்கிரம் திருப்பிக் கட்டறதா இருந்தா கொஞ்சம் கடன் நல்லதுன்னுதான் சொன்னாரு. நூல்காரருக்கு நீங்க சொன்ன தேதிக்குச் செக்கு குடுக்கறீங்க. கோடுக்கு எந்தத் தேதி?

நொய்யல்_கரை:
22ந் தேதிக்குள்ள மாத்திக் குடுத்தீங்களா இல்லியா? அப்பறம் என்ன?

ஓவர்லாக்:
மாத்துனாங்க. மறுநா வந்த போனையெல்லாம் எடுத்தது நானுங்க, அதே கம்பெனில டெஸ்டிங்ல இருக்கறேன். 10ந் தேதி வித்த சட்டை ஒண்ணு, வரி போக 1,800 ரூபா, 12 சதத்துக்கு 216. அது திரும்பி வந்தா பழைய வரியிலதான் ரிட்டர்ன் போடோணும். எங்க சாப்ட்வேர் 5 சதம் போட்டு 90 காட்டுது. கடைக்காரரு கவுண்டர்ல ஆளை நிக்க வெச்சுட்டு, கால்குலேட்டரைத் தட்டித் தட்டிப் பாத்துட்டு, "அம்மிணி, 126 ரூபா எங்க போச்சு?"ங்கறாரு. நான் என்னத்தச் சொல்ல?

நொய்யல்_கரை:
அது டெஸ்டிங் தப்புங்க. கோடு மேல பழி போடாதீங்க.

ஓவர்லாக்:
டெஸ்டிங்குக்குக் கெடச்சது 21ந் தேதி, ஞாயித்துக்கெழம சாயங்காலம் மட்டும். புது பில்லு சரியா வருதான்னு பாக்கவே பத்தரை ஆச்சு. ரிட்டர்ன் நெனப்பே வரலீங்க.

நொய்யல்_கரை:
மறைக்கறதுக்கு என்ன இருக்குது, எங்க பையனும் அந்த 12 சதம் எங்க கோடுல எங்கெங்க ஒளிஞ்சிருக்குதுன்னு இன்னும் தேடீட்டுத்தான் இருக்கறான். அந்த டேபிள் போட எத்தனை நாளாகும்?

கீரணத்தம்_ராத்திரி:
டெஸ்டிங்கோட எட்டு நாள் வேணுங்க.

நொய்யல்_கரை:
அஞ்சுல முடியுங்களா?