புதுப்பிப்பு: ஆப்பு வடிவக் கிதாரே முடிவாயிற்று

எனக்கெனச் செய்விக்கும் அக்கூஸ்டிக் கிதாரில், வலது முழங்கை அழுந்தும் மேல்விளிம்பைச் சரிவாகச் சீவச் சொல்வதா, உடலையே ஆப்பு வடிவில் அமைக்கச் சொல்வதா என்று சென்ற மாதம் கேட்டிருந்தேன். ஆப்பு வடிவத்தையே தேர்ந்துவிட்டேன். 1984இல் கனடாவின் கிதார் செய்பவர் லிண்டா மான்சர் உருவாக்கிய இம்முறையில், தடித்த கம்பிகளின் பக்கம் உடல் மெலிந்தும் மறுபக்கம் பருத்தும் இருப்பதால், உள்ளிருக்கும் காற்றின் அளவு ஏறக்குறைய மாறாமலே தோள் தாழ்கிறது. குன்னூர்க் குளிரில் ஸ்வெட்டர் மேல் சால்வையும் போர்த்தி வாசிக்கும் எனக்கு அந்தச் சிறு தாழ்வே பெரிது. ஸ்கேல் நீளத்தை, அதாவது கம்பி அதிரும் பகுதியின் நீளத்தை, 25.5 அங்குலத்திலிருந்து 24.9ஆகக் குறைக்கச் சொன்னேன். அதே சுருதிக்குக் கம்பியின் இழுவிசை தளர்வதால், காலையில் விறைத்த விரல்களுக்கு இதம். மேல் சுரங்களை விரல் எட்ட, கழுத்தருகே உடலை வெட்டிக் குழிக்கும் கட்-அவே வேண்டாமென்றேன், பன்னிரண்டாம் ஃப்ரெட்டுக்கு (கழுத்தின் குறுக்கே பதித்த உலோகப் பட்டைக்கு) மேல் நான் போவதே அபூர்வம். மழைக்கால ஈரத்தில் மரம் உப்பாதா என்றதற்கு, பெட்டிக்குள் ஈரமானி வைத்து ஈரப்பதத்தை 45 முதல் 55 விழுக்காட்டுக்குள் காக்கச் சொன்னார் கிதார் செய்பவர்.