பிக்கப்புக்குத் தமிழ்: மின்வாங்கி

குழுவினர் அனைவருக்கும் வணக்கம்.

மாதிரி ரயில் எஞ்சின்களின் விளக்குப் பழுது பற்றிய கையேட்டுக்கு நாம் சேர்த்துவரும் சொற்பட்டியலில் பெரும்பாலானவை சிக்கலில்லாமல் முடிந்துவிட்டன. கெப்பாசிட்டருக்கு மின்தேக்கி, ரெசிஸ்டருக்கு மின்தடையம், டயோடுக்கு இருமுனையம் என்று ஏற்கெனவே புழங்குகிற சொற்கள் இருக்கின்றன. புதிதாக ஆக்க வேண்டியதில்லை. இன்னும் முடியாமல் நிற்பது 'பிக்கப்' ஒன்றுதான். தண்டவாளத்தில் இருக்கும் மின்சாரத்தை எஞ்சினுக்குள் கொண்டுவரும் அமைப்பு அது. அதற்கு 'மின்வாங்கி' என்ற சொல்லை முன்வைக்கிறேன்.

> பிக்கப் என்றே எழுதினால் என்ன? எல்லோருக்கும் புரிகிறதே.

புரிவது வேறு பொருளில், ஐயா. "வண்டிக்குப் பிக்கப் இல்லை" என்றால் வண்டி சட்டென்று வேகம் எடுக்கவில்லை என்றுதான் நம் காதில் விழும். புதிதாகச் சேர்ந்த ஒருவர் "எஞ்சினில் பிக்கப் சரியில்லை" என்று எழுதியபோது, மோட்டாருக்கு எண்ணெய் விடச் சொல்லி மூன்று பேர் பதில் போட்டோம். அவர் கேட்டதோ, முகப்பு விளக்கு ஏன் விட்டுவிட்டு எரிகிறது என்று.

இந்தச் சொல் எனக்கு ஏன் இவ்வளவு முக்கியம் என்றும் சொல்லிவிடுகிறேன். என்னிடம் 1:87 அளவிலான டீசல் எஞ்சின் ஒன்று இருக்கிறது. 12 வோல்ட் நேர்மின்னோட்டத்தில் ஓடுவது. மெதுவாகப் போகும்போது அதன் முகப்பு விளக்கு சிமிட்டிக்கொண்டே இருந்தது. பல்பு போய்விட்டது என்று முடிவு கட்டி, அதை எடுத்துவிட்டு வெள்ளை எல்.இ.டி. ஒன்றை 1 கிலோஓம் மின்தடையத்தோடு வைத்தேன். பின்னோக்கி ஓட்டும்போது முனைகள் மாறி எல்.இ.டி. கெட்டுப்போகாமல் இருக்க, அதற்குக் குறுக்கே எதிர்முகமாக ஓர் இருமுனையம். எல்.இ.டி.யில் ஏறக்குறைய 3 வோல்ட் போக மீதி 9 வோல்ட் மின்தடையத்தில் விழும். முழு வேகத்திலும் 9 மில்லிஆம்பியர்தான் ஓடும். கணக்கு சரியாகத்தான் இருந்தது. ஆனால் சிமிட்டல் முன்னைவிட மோசமானது.

பல்பின் இழை சூடானது. மின்சாரம் கண நேரம் அறுந்தாலும் அந்தச் சூட்டிலேயே ஒளிர்ந்துகொண்டிருக்கும். எல்.இ.டி.யில் அப்படி மிச்சச் சூடு எதுவும் இல்லை, அறுந்த உடனே அணைந்துவிடும். எஞ்சினோ ஓடிவந்த வேகத்தில், மின்சாரம் அறுந்த அந்தக் கணத்தைத் தாண்டிப் போய்விடுகிறது. அதனால் முதலில் காட்டிக்கொடுப்பது விளக்கு. கோளாறு இருப்பது சக்கரத்தருகே.

மல்டிமீட்டரைத் தொடர்பு பார்க்கும் நிலையில் வைத்து, ஒரு முனையைச் சக்கரத்தின் விளிம்பிலும் மறுமுனையை உள்ளே போகும் கம்பியிலும் பிடித்துக்கொண்டு, சக்கரத்தை நகத்தால் மெல்லச் சுழற்றினேன். பீப் ஒலி கால் சுற்றுக்கு வந்தது, நின்றது, மறுபடி வந்தது. சக்கரத்தின் உள்முகத்தை உரசியபடி நிற்கும் வெண்கலத் தகடு மிக மெல்லியது; அது தொடும் இடத்தில் கரிப்பிசுக்கு வளையம்போல் படிந்திருந்தது. ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலில் நனைத்த பஞ்சுக்குச்சியால் துடைத்து, தகட்டைச் சக்கரத்தின் பக்கம் இம்மியளவு வளைத்துவிட்டேன். இதற்குமேல் அழுத்தினால் சக்கரம் இறுகிவிடும். ஒலி அறாமல் வந்தது. விளக்கும் அடங்கி எரிந்தது. கழற்றிப் போட்ட பல்பில் ஒரு குறையும் இல்லை.

விளக்கு சிமிட்டினால் முதலில் பார்க்க வேண்டிய இடத்துக்கு ஒரு தெளிவான பெயர் வேண்டும் என்று அன்றைக்குத்தான் தோன்றியது.

> 'மின்னேற்பி' என்று வைக்கலாமே?

நல்ல சொல்தான். ஆனால் சார்ஜருக்கு 'மின்னேற்றி' என்று பரவலாக எழுதுகிறார்கள். கம்பியைப் பற்றவைத்துக்கொண்டே கையேட்டைப் படிப்பவர் கண்ணுக்கு ஓர் எழுத்து வித்தியாசம் போதாது. 'மின்சேகரிப்பான்' என்றால் சேர்த்துவைக்கும் பொருள் வந்துவிடுகிறது. அது மின்தேக்கியின் வேலை. 'வருடி' எனக்கு மிகவும் பிடித்த சொல், அதை ஸ்கேனருக்குக் கொடுத்துவிட்டோம்.

> வாங்கி என்றால் விலைக்கு வாங்குவதுபோல் இருக்கிறது.

ஒலிவாங்கி என்று சொல்லும்போது ஒலியை யாரும் விலைக்கு வாங்குவதாக நினைப்பதில்லையே, அம்மா. மைக்குக்கு வந்த சொல் இதற்கும் வரட்டும். வினையாகவும் இது இயல்பாக வளைந்து கொடுக்கிறது: "இந்தச் சக்கரம் மின் வாங்கவில்லை", "எட்டில் ஆறு சக்கரம்தான் மின் வாங்கும், மற்ற இரண்டிலும் பிடிப்புக்காக ரப்பர் வளையம் போட்டிருக்கிறது". வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள், எங்கும் இடறாது.

'சக்கரத்தொடுப்பு' என்று முன்பு வந்த யோசனையை ஏற்க முடியாததற்கு வேறு காரணம். மார்க்ளின் நிறுவனத்தின் எச்.ஓ. (அதே 1:87 அளவு) தடத்தில் நடுவே வரிசையாகச் சிறு குமிழ்கள் இருக்கும். எஞ்சினின் அடியில் உள்ள நீண்ட சறுக்குத் தகடு அவற்றைத் தொட்டு ஒரு முனைக்கான மின்சாரத்தை வாங்குகிறது. வேறு சில மாதிரிகளில் மேல்கம்பியிலிருந்தே எடுக்கலாம். சக்கரம், சறுக்குத் தகடு, கூரைமேல் உள்ள சட்டம் மூன்றும் செய்வது ஒரே வேலை. பெயர் வேலைக்கு இருந்தால் மூன்றையும் தழுவும்.

அதே காரணத்தால் உறுப்புக்குத் தனிப் பெயர் வேண்டும். சக்கரத்தை உரசும் அந்தத் தகட்டை 'உரசுதகடு' என்போம். சக்கரம் வழியே எடுக்கும் எஞ்சினில் மின்வாங்கி என்பது சக்கரம், உரசுதகடு, அதில் பற்றவைத்த கம்பி எல்லாம் சேர்ந்த வழி. "மின்வாங்கியில் கோளாறு" என்றால் இந்த மூன்றையும் ஒவ்வொன்றாகப் பார்க்க வேண்டும். "உரசுதகட்டில் கோளாறு" என்றால் எங்கே கை வைப்பது என்று தெரிந்துவிட்டது.

டி.சி.சி., அதாவது தண்டவாளம் வழியே டிஜிட்டல் கட்டளை அனுப்பி ஓட்டும் எஞ்சின்களுக்கும் இதுவே பொருந்தும். தண்டவாளத்தில் எப்போதும் முழு மின்னழுத்தம் இருப்பதால் எஞ்சின் நின்றாலும் விளக்கு எரியும். ஆனால் எஞ்சினுக்குள் அந்தக் கட்டளையைப் படிக்கும் டிகோடருக்கு மின்சாரமும் கட்டளையும் அதே மின்வாங்கி வழியாகத்தான் வருகின்றன. அது அறுந்தால் இரண்டும் சேர்ந்தே அறும். அந்த இடைவெளியைத் தாங்க டிகோடரோடு இணைக்கும் மின்தேக்கித் தொகுதிக்கு, இடிதாங்கி, சுமைதாங்கி வழியில் 'இடைதாங்கி' என்று ஒரு பெயர் மனதில் இருக்கிறது. அதைத் தனி இழையில் பேசலாம்.

கையேட்டின் மூன்றாம் பகுதியில் 'பிக்கப்' வந்த இடங்களில் எல்லாம் இப்போதைக்கு 'மின்வாங்கி' என்று மாற்றிவைத்திருக்கிறேன். முதல் முறை வரும் இடத்தில் மட்டும் பழைய சொல்லும் பக்கத்திலேயே இருக்கிறது. எந்த வாக்கியத்திலாவது உறுத்தினால் அந்த வாக்கியத்தையே எடுத்து எழுதுங்கள்.

அன்புடன்.