முதலாம் சங்கீதத்தின் ‘பாக்கியவான்’ யார்?

கேள்வி – எஸ்தர்

வேதாகமத்தின் முதலாம் சங்கீதம் பாக்கியவானை நீர்க்கால்களின் ஓரமாய் நடப்பட்ட மரத்துக்கு ஒப்பிட்டு, ‘அவன் செய்வதெல்லாம் வாய்க்கும்’ என்கிறது. மத்தேயு 5-ஆம் அதிகாரமோ துயரப்படுகிறவர்களையும் நீதியினிமித்தம் துன்பப்படுகிறவர்களையும் பாக்கியவான்கள் என்கிறது. முன்னது இம்மைக்குரிய செழிப்பு, பின்னது மறுமைக்குரிய பலன் என்று எங்கள் வேதபாட வகுப்பில் ஒருவர் இரண்டையும் பிரித்துவிட்டார். எனக்கு அது சரியாகப் படவில்லை. மூலமொழியில் இவை ஒரே சொல்தானா?

பதில் – வேத மாணவன்

சகோதரி, சங்கீதத்தில் உள்ள எபிரெயச் சொல் ‘அஷ்ரே’. செப்துவஜிந்த் என்னும் பழைய கிரேக்க மொழிபெயர்ப்பைச் செய்தவர்கள் அதை ‘மக்காரியோஸ்’ என்றார்கள். மத்தேயு மலைப்பிரசங்கத்தில் எழுதியதும் அதே சொல்தான்.

‘ஆசீர்வதிக்கப்பட்ட’ என்பதற்கு எபிரெயத்தில் ‘பாரூக்’ என்ற வேறு சொல் இருக்கிறது. பாரூக் தேவனுக்கும் மனிதருக்கும் வரும். அஷ்ரே மனிதருக்கு மட்டுமே வரும். ஒருவருடைய வாழ்க்கையை அருகிலிருந்து பார்த்தவர், ‘இதுவல்லவோ வாழ்வு!’ என்று வியந்து சொல்வதைப் போன்றது அது. யூதர்கள் நாள்தோறும் மூன்று முறை ஓதும் 145-ஆம் சங்கீதத்துக்கு ‘அஷ்ரே’ என்றே பெயர் வழங்குகிறது. முன்னால் சேர்த்து ஓதப்படும் வசனங்கள் அச்சொல்லால் தொடங்குவதே காரணம். புதிய தமிழ் மொழிபெயர்ப்பான திருவிவிலியம் ‘நற்பேறு பெற்றவர்’ என்று பெயர்த்ததில் பெறுதல் என்ற பொருள் தூக்கலாக இருப்பதால், என் காதுக்குப் பழைய ‘பாக்கியவான்’ சற்று நெருக்கமாக ஒலிக்கிறது.

அந்த மரத்தையும் கவனியுங்கள். ‘ஷாத்தூல்’ என்பது தானாக முளைத்ததைக் குறிக்காது. பெயர்த்து நடப்பட்டதைக் குறிக்கும். அருகில் ஓடுவதும் பிரித்துவிடப்பட்ட வாய்க்கால்கள். ஆகவே அதன் செழிப்பு, யாரோ நட்டு, யாரோ நீர் பாய்ச்சியதால் வந்தது. அதுவும் எப்போதும் காய்ப்பதில்லை, ‘தன் காலத்தில்’ காய்க்கிறது.

பதில் – ஒலிவக்கன்று

மேலுள்ள விளக்கம் நன்று. ஆனால் வேதமே முதலாம் சங்கீதத்தோடு வாதாடுகிறது என்பதை விட்டுவிடக் கூடாது. எரேமியா 12-ஆம் அதிகாரத்தில் தீர்க்கதரிசி அதே மரத்தைத் திருப்பிப்போட்டு, துன்மார்க்கரை நீரே நாட்டினீர், அவர்கள் வேரூன்றிக் கனியும் கொடுக்கிறார்களே என்று தேவனிடமே முறையிடுகிறார். 73-ஆம் சங்கீதமும் யோபுவின் புத்தகமும் இந்த வழக்கைத்தான் தொடர்கின்றன. செழிப்பைக் கண்டதும் நீதிமான் என்று முடிவுகட்டுகிற பிரசங்கங்கள் இவற்றை ஏனோ தாண்டிப்போகின்றன.

இம்மை, மறுமை என்ற பிரிவினையும் நிற்காது. ‘சாந்தகுணமுள்ளவர்கள் பூமியைச் சுதந்தரித்துக்கொள்ளுவார்கள்’ என்று மத்தேயுவில் இயேசு சொல்வது 37-ஆம் சங்கீதத்தின் வசனம். அங்கே பேசப்படுவது காலூன்றி நிற்கும் நிலம்.

நாம் ‘சமாதானம்’ என்று பெயர்க்கும் ‘ஷாலோம்’ என்ற எபிரெயச் சொல்லையும் சேர்த்துப் பாருங்கள்; முழு நலம் என்பது அதன் பொருள். நம் ‘சமாதானம்’ சண்டையின்மையோடு நின்றுவிடுகிறது. ஆதியாகமம் 37-இல் யாக்கோபு, சகோதரருடைய ஷாலோமையும் ஆட்டுமந்தையின் ஷாலோமையும் பார்த்து வரும்படி யோசேப்பை அனுப்புகிறான். ஆடுகளுக்கும் உண்டு அது! கி.மு. 597-இல் பாபிலோனுக்குக் கொண்டுபோகப்பட்டவர்களுக்கு எரேமியா எழுதிய கடிதம் (எரேமியா 29), தங்களைச் சிறைப்படுத்திய பட்டணத்தின் ஷாலோமையே தேடச் சொல்கிறது. அதற்கு நலமிருந்தால்தான் உங்களுக்கும் நலம் என்கிறது. ஒருவன் மட்டும் தனியே செழிப்பது அங்கே பேச்சிலேயே இல்லை.

எஸ்தர்

இருவருக்கும் நன்றி. அந்தக் கடிதத்தை இப்போது முழுவதும் வாசித்தேன். வீடு கட்டி, தோட்டம் நட்டு, அதன் கனியைச் சாப்பிடுங்கள் என்று 5-ஆம் வசனம் சொல்கிறது. திரும்பி வருவதற்கு எழுபது வருஷம் ஆகும் என்று 10-ஆம் வசனம் சொல்கிறது. அப்படியானால் நட்டவர்களில் பெரும்பாலோர் பாபிலோனிலேயே இறந்திருப்பார்கள். ஆனாலும் கனி அவர்களுக்கென்றே சொல்லப்பட்டிருக்கிறது. அடுத்த ஞாயிறு வகுப்பில் இந்த இரண்டு வசனங்களையும் அந்தச் சகோதரரிடம் வாசித்துக் காட்டி, இது இம்மையா மறுமையா என்று கேட்கப்போகிறேன்.